ரோபோ அறுவை சிகிச்சை: நோயாளியாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

“உங்களுக்கு ரோபோட்டிக் சர்ஜரி செய்யலாம்” என்று மருத்துவர் சொன்னதும், ஏதோ ஒரு மெஷின் தானாகவே நம்மை அறுக்கப் போகிறது என்ற பயம்தான் பலருக்கும் முதலில் வருகிறது. அப்படி இல்லை. வயிறு, இடுப்பு, மார்புப் பகுதி அறுவைகளுக்கு இன்று பயன்படும் ரோபோக்கள் தாமாக எதையும் முடிவு செய்வதில்லை. அறுவை மருத்துவர் பெரும்பாலும் அதே அறையில், சில அடி தள்ளி, கன்சோல் என்ற கருவியின் முன் உட்கார்ந்திருப்பார். அவர் விரல் அசைந்தால் உங்கள் உடலுக்குள் இருக்கும் கருவி அசையும். விரல் நின்றால் அதுவும் நிற்கும். இந்த வகையில் மிகப் பரவலான டாவின்சி கருவியில், மருத்துவர் பார்வைத் திரையிலிருந்து தலையை எடுத்தாலே கைகள் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

டாவின்சிக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000-ஆம் ஆண்டில் அனுமதி கொடுத்தது. இன்று பரவலாக இருக்கும் அதன் மாதிரிகளுக்கு நான்கு கைகள். ஒன்று கேமராவைப் பிடிக்கும், மற்றவை கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கும் கருவி போன்றவற்றைப் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் துளை வழியாக உள்ளே போகும். மருத்துவருக்கு உள்ளுறுப்புகள் முப்பரிமாணமாக, சுமார் 10 மடங்கு பெரிதாகத் தெரியும். கருவியின் நுனி மனித மணிக்கட்டு திரும்பாத கோணங்களிலும் திரும்பும், கையின் சிறு நடுக்கத்தையும் கருவி வடிகட்டிவிடும். புராஸ்டேட் போல இடுப்பின் அடியில், இடுக்கான இடத்தில் இருக்கும் உறுப்புகளுக்கு இது பெரிய வசதி. உங்கள் பக்கத்திலேயே இன்னொரு மருத்துவரும் செவிலியர்களும் நின்று கருவிகளை மாற்றிக்கொடுப்பார்கள். மயக்க மருந்து நிபுணர் தலைமாட்டில் இருப்பார்.

மூட்டு மாற்று அறுவையிலும் ரோபோ வந்துவிட்டது. அது எலும்பை அளந்து செதுக்க உதவும் வேறு வகைக் கருவி, அதற்குப் பிறகான பயிற்சிகளும் வேறு. இங்கே நான் எழுதுவது புராஸ்டேட், சிறுநீரகம், கருப்பை, குடல், பித்தப்பை, குடலிறக்கம் (ஹெர்னியா) போன்ற அறுவைகளுக்குப் போகிறவர்களுக்காக.

இவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். துளைகள் சிறியவை, ஆனால் உள்ளே நடக்கும் அறுவை சிறியது அல்ல. வாசலைத் திறக்காமல், சாவித் துவாரம் வழியாகவே வீட்டுக்குள் ஒரு சுவரை இடித்துக் கட்டுவதைப் போன்ற வேலை அது. வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தாலும் ரோபோவால் எடுத்தாலும், எடுக்கப்படுவது அதே கருப்பைதான். உள்ளே வெட்டப்படும் திசுவும் தைக்கப்படும் இடமும் ஆற எடுத்துக்கொள்ளும் காலம் அவ்வளவாக மாறுவதில்லை. “ரோபோதானே, நாலு நாளில் சரியாகிவிடும்” என்ற எண்ணத்தோடு போகிறவர்கள்தான் பிறகு அவசரப்பட்டு எடை தூக்கி, வேலைக்கு ஓடி, சிக்கலை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

சம்மதிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

திறந்த அறுவையோடு ஒப்பிட்டால் ரோபோ முறையில் பொதுவாக ரத்தப்போக்கு குறைவு, காயத்தின் வலி குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. ஆனால் ரோபோ இல்லாமல், மருத்துவர் தன் கையாலேயே கருவிகளைப் பிடித்துச் சிறு துளைகள் வழியே செய்யும் சாதாரண லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்டால், பல அறுவைகளில் நோயாளிக்குத் தெரியும் வித்தியாசம் பெரிதாக இல்லை. சில இடங்களில் சிறு துளை வழியே போவது தவறான தேர்வாகவும் ஆகலாம். தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கருப்பையை விரிவாக அகற்றும் அறுவையில், லேப்ராஸ்கோப்பியோ ரோபோவோ பயன்படுத்தியவர்களைவிடத் திறந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கே நோய் திரும்பாமல் இருந்தது அதிகம் என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு அந்த அறுவை பற்றிய பரிந்துரைகளே மாறின. ஆகவே “ரோபோ நல்லதா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “எனக்கு இருக்கும் இந்த நோய்க்கு, இந்த நிலையில், ரோபோவால் என்ன கூடுதல் நன்மை? வேறு வழி என்ன?” என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி, மருத்துவரின் அனுபவம். இதே அறுவையை ரோபோவில் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் அதற்கு நேராகப் பதில் சொல்வார். என்னைக் கேட்டால், எந்தக் கருவி என்பதைவிட யாருடைய கை என்பதுதான் முக்கியம். பாதியில் திறந்த அறுவைக்கு மாற வேண்டி வந்தால் என்ன நடக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். முன்பு நடந்த அறுவையால் உள்ளே திசுக்கள் ஒட்டிக்கிடந்தாலோ, ரத்தப்போக்கு கட்டுக்குள் வராவிட்டாலோ மருத்துவர் வயிற்றைத் திறக்க முடிவு செய்யலாம். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். உங்கள் உயிரைக் காக்க எடுக்கும் முடிவு அது. கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்திலும் அது இருக்கும்.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

புகைப்பிடிப்பவர்கள் இன்றே நிறுத்த வேண்டும். அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பாவது நிறுத்தினால் நுரையீரல் சிக்கலும் காயம் ஆறாமல் போகும் ஆபத்தும் தெளிவாகக் குறைகின்றன. அவ்வளவு நாள் இல்லையென்றாலும் நிறுத்துவது நல்லதுதான். ரத்தசோகை, கட்டுக்கடங்காத சர்க்கரை இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். சர்க்கரை எகிறியிருந்தால் தொற்று எளிதில் வரும். தினமும் நடங்கள். மூச்சுவாங்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்பதை மயக்க மருந்து நிபுணர்கள் இன்றும் அக்கறையாகக் கேட்பார்கள், ஏனென்றால் இதயமும் நுரையீரலும் அறுவையைத் தாங்குமா என்பதற்கு அது நல்ல அறிகுறி.

மருந்து விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். மூலிகை மாத்திரை, வைட்டமின், மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கும் வலி மாத்திரை எல்லாம் அதில் சேரும், ஏனென்றால் இவற்றில் சில ரத்தம் உறைவதைத் தடுப்பவை. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்துகளைப் பொதுவாகச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தன் இஷ்டத்துக்கு மாத்திரையை விட்டால், அறுவைக்கு முன்பே மாரடைப்பு வரலாம். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

சர்க்கரை மருந்துகளில் இரண்டு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். பட்டினி இருக்கும் நேரத்தில் அவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடக் கூடும், அதுவும் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே. செமாகுளுடைடு போன்ற வாராந்திர ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இந்த ஊசி போடுகிறவர் முதல் சந்திப்பிலேயே மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும்.

கண்ணில் அழுத்த நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணுக்கும் வயிற்று அறுவைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். இடுப்புப் பகுதி ரோபோ அறுவைகளில் குடல் மேலே விலகி இடம் கிடைப்பதற்காகத் தலை தாழ்வாகவும் கால் உயரமாகவும் வைத்துச் சில மணி நேரம் படுக்க வைப்பார்கள். அப்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயும் அப்படித்தான், மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் அதற்கான கருவி பயன்படுத்தினால் மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

புராஸ்டேட் அறுவைக்குப் போகிறவர்கள் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. சிறுநீரைப் பாதியில் அடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறதோ, அதுதான் அந்தத் தசை. அறுவைக்குப் பிறகு வலியோடும் குழாயோடும் இருக்கும்போது அதை முதன்முதலாகத் தேடிக்கொண்டிருப்பது கஷ்டம்.

வீட்டையும் கொஞ்சம் தயார் செய்ய வேண்டும். அடிக்கடி எடுக்கும் பொருட்களை இடுப்பு உயரத்தில் வைத்துவிடுங்கள். இடுப்பில் இறுக்காத தளர்ந்த உடைகளை எடுத்து வையுங்கள். முதல் ஓரிரு நாள் கூடவே இருக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தூக்குவதற்கும் ஆள் வேண்டும்.

முந்தைய இரவும் அன்று காலையும்

குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த சோப்பு கொடுத்திருந்தால் சொன்னபடி குளியுங்கள். இல்லையென்றால் சாதாரண சோப்பே போதும். துளை போடப்போகும் இடத்தை வீட்டில் ரேசரால் சவரம் செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி நுழையும். முடியை எடுக்க வேண்டுமென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஏனென்றால் விரலில் மாட்டும் கருவி நகத்தின் வழியாகத்தான் ஆக்சிஜனை அளக்கிறது. மோதிரம், கம்மல், பல்செட், கான்டாக்ட் லென்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

பட்டினி பற்றிப் பழைய பழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது: நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது என்பது. இன்றைய மயக்கவியல் வழிகாட்டுதல்கள் அவ்வளவு கடுமையாக இல்லை. பொதுவாக எண்ணெய் மிகுந்த உணவுக்கு 8 மணி நேரம், இலேசான உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். பால் தெளிந்த திரவம் ஆகாது, அது உணவுக் கணக்கில்தான் வரும். ஆனாலும் உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள், அந்த நேரத்தில் ஏமாற்றவும் வேண்டாம். மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் எதையாவது சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். அறுவை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கண் விழித்த பிறகு

ரோபோ அறுவை முழு மயக்கத்தில் நடக்கும். கருவி உள்ளே இருக்கும்போது உடல் சிறிதும் அசையக் கூடாது என்பதால், தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் வைத்து மூச்சுவிட வைப்பார்கள். அதனால் விழித்ததும் தொண்டை கரகரக்கும், உடல் நடுங்கலாம், குமட்டலாம். தலை தாழ்த்திப் படுத்தவர்களுக்கு முகமும் இமையும் வீங்கியிருக்கும். பார்க்கும் உறவினர்கள் திடுக்கிடுவார்கள், ஆனால் அது ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். சிறுநீர்க் குழாயும், சிலருக்கு வயிற்றிலிருந்து கசிவை வெளியேற்றும் டிரெயினும் இருக்கலாம்.

பலரையும் குழப்புவது தோள்பட்டை வலி. வயிற்றில் அறுவை, வலி தோளில்! வயிற்று அறுவையில் உள்ளே இடம் உண்டாக்குவதற்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் எரிச்சலில் இருக்கும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியிலிருந்துதான் வருகின்றன. அதனால் மூளை அந்த எரிச்சலைத் தோள் வலியாகவே எடுத்துக்கொள்கிறது. வாயுவை உடல் தானாக உறிஞ்சிவிடும். நடப்பதும், படுக்கும் நிலையை மாற்றுவதும், இளஞ்சூட்டு ஒத்தடமும் இதமாக இருக்கும். ஆனால் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் வாயு வலி என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். உடனே சொல்லுங்கள்.

அப்புறம் நடை. பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். அறுவை முடிந்தவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இது கொடுமையாகக்கூடத் தோன்றும். டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் இந்தப் பழைய எண்ணத்தைக் கேள்வி கேட்டார். சீக்கிரம் நடக்க வைத்து, சீக்கிரம் சாப்பிட வைத்து, வலியைப் பல மருந்துகளால் கட்டுப்படுத்தி, குழாய்களைச் சீக்கிரம் எடுத்தால் நோயாளி விரைவில் தேறுகிறார் என்று காட்டினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் துரித மீட்சித் திட்டங்கள் அதிலிருந்து வளர்ந்தவை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது, அதனால் காலில் ரத்தக்கட்டு உருவாகும் வாய்ப்பு குறைகிறது. நுரையீரலின் அடிப்பகுதி விரிகிறது, தூங்கிக் கிடக்கும் குடலும் மெல்ல அசையத் தொடங்குகிறது. இவ்வளவையும் ஒன்றாகச் செய்யும் மாத்திரை எதுவும் கிடையாது.

இருமல் வந்தால் ஒரு சிறு தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் திரும்பிக் காலைக் கீழே போட்டுக் கையால் ஊன்றி எழுங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. வலிக்குப் பயந்து மூச்சை இழுக்காமலும் நடக்காமலும் இருந்தால் அதுதான் கெடுதல். நேரத்துக்குப் பாரசிட்டமால் எடுத்துக்கொண்டால், மார்ஃபின் போன்ற வலுவான ஓபியாய்டு மருந்தின் தேவை குறையும். ஒரு எச்சரிக்கை: காய்ச்சல், சளிக்கான பல கூட்டு மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் அளவு மீறிக் கல்லீரலைப் பாதிக்கும்.

வீட்டில்

பல ரோபோ அறுவைகளில் ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ் ஆகிவிடலாம். குடல் அறுவை போன்றவற்றுக்கு இன்னும் சில நாள் ஆகும். வீட்டுக்கு வந்ததும் எதிர்பாராத அளவுக்குக் களைப்பு இருக்கும். குளித்து உடை மாற்றினாலே படுக்கத் தோன்றும். துளைகள் ஆறிவிட்டதாகத் தெரிந்தாலும், உள்ளே ஆறும் வேலை உடலின் சக்தியை எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நாட்களில் மனம் சோர்வதும் எரிச்சல் வருவதும் உண்டு. ஓரிரு வாரத்தில் அது விலகாவிட்டால் மருத்துவரிடம் அதையும் பேசுங்கள்.

மலச்சிக்கலை முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். மயக்க மருந்து, ஓபியாய்டு, குறைந்த நடமாட்டம் எல்லாம் சேர்ந்து குடலை மந்தமாக்கும். தண்ணீர், நடை, மருத்துவர் கொடுக்கும் மலமிளக்கி போதும். முக்குவது தையலுக்கு நல்லதல்ல.

எடை தூக்குவதுதான் அடிக்கடி மீறப்படும் விதி. பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். தோல் ஒரு வாரத்தில் ஒட்டிவிடும். அதன் அடியில் வயிற்றுச் சுவரைப் பிடித்திருக்கும் உறுதியான படலம் அவ்வளவு விரைவில் வலுவடையாது. அதற்குள் பளு தூக்கினால் துளை இருந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். உறுப்பை வெளியே எடுப்பதற்காக ஒரு துளையைப் பெரிதாக்கியிருந்தால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம். நடைக்கும் மாடிப்படிக்கும் தடை இல்லை.

ஓரிரு நாளில் ஷவரிலோ மேலே தண்ணீர் ஊற்றியோ குளிக்கலாம், காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் சரி. தொட்டியிலோ குளத்திலோ மூழ்குவதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். திடீரென்று பிரேக்கை அழுத்தி மிதிக்க வலி தடுக்காத நிலை வரும்வரை, வண்டி ஓட்டக் கூடாது; ஓபியாய்டு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் கூடாது. உடலுறவு எப்போது என்பது அறுவையைப் பொறுத்தது. கருப்பை எடுத்தவர்களுக்கு உள்ளே யோனியின் மேல்முனையில் தையல் இருப்பதால் குறைந்தது 6 வாரம், சில மருத்துவர்கள் இன்னும் கூடுதலாகவும் சொல்வார்கள். கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

புராஸ்டேட் அறுவை முடிந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் சிறுநீர்க் குழாயோடுதான் வீட்டுக்கு வருவார்கள். அதை எடுத்த பிறகு சிறுநீர் கசிவது வழக்கம். அது வாரங்களில், சிலருக்கு மாதங்களில் குறையும். முன்பே பழகிய தசைப் பயிற்சி இங்கேதான் கைகொடுக்கும், ஆனால் குழாய் இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாம். வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய் அறுவை நடந்த பலருக்கு ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசியை வீட்டிலும் தொடரச் சொல்வார்கள், மொத்தம் 4 வாரம் வரை போகலாம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நடுவில் விட்டுவிடாதீர்கள். ரத்தக்கட்டு டிஸ்சார்ஜுக்குப் பிறகும் வரும்.

எப்போது உடனே போக வேண்டும்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள்: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால், வயிறு உப்பிக் கல்லாக இறுகினால், வாந்தி வந்து காற்றும் பிரியாமல் போனால், உள்ளே குடலில் கசிவோ அடைப்போ இருக்கலாம். சிறு துளை அறுவையில் வெளியே எதுவும் தெரியாது, தையல் அழகாகவே இருக்கும். அதனால்தான் நோயாளியும் வீட்டாரும் காத்திருந்து நேரத்தை இழக்கிறார்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வைக்காமல் அன்றே போங்கள், இரவானாலும்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் பரவும் சிவப்பு, சீழ், நிற்காத ரத்தம், சிறுநீர் போகாமை இவற்றுக்கும் உடனே அழைக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் மருத்துவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்காமல் நேராக ஆம்புலன்ஸை அழையுங்கள், ஏனென்றால் அந்தக் கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, இரவில் எந்த எண்ணை அழைப்பது, யார் எடுப்பார்கள் என்று கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

முதல் மறுபார்வைக்குப் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துப் போங்கள். எடுத்த திசுவின் பரிசோதனை அறிக்கை வர சில நாள் ஆகும், அதன் பிரதியைக் கையில் வாங்கி வையுங்கள். அறுவைக் குறிப்பின் பிரதியையும் கேளுங்கள். எந்த உறுப்பு எவ்வளவு எடுக்கப்பட்டது, உள்ளே கிளிப்போ வலையோ வைக்கப்பட்டதா, திசுக்கள் எங்கே ஒட்டியிருந்தன என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர், வேறு காரணத்துக்காக உங்கள் வயிற்றைப் பார்க்க நேர்ந்தால், அந்தத் துளித் தழும்புகளை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று அவரால் சொல்லிவிட முடியாது. அந்தக் காகிதம் வேண்டும்.